பிள்ளை பெற்றவளின் ஈட்டிய விடுப்பில் கை வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு இது. மதியச் சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மகப்பேறு விடுப்பு வேறு, ஈட்டிய விடுப்பு வேறு. ஒன்றை எடுத்து இன்னொன்றில் கழிக்கிறவர் அலுவலகத்தில் இருந்தாலும் சரி, பள்ளி நிர்வாகத்தில் இருந்தாலும் சரி, நம் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் சரி, ஒரு பெண் உழைத்துச் சேர்த்த கூலியில் கை வைக்கிறார்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார்கள். "கவர்மென்ட் டீச்சருக்குப் பிள்ளை பெத்தா ஒரு வருஷம் ஓசிச் சம்பளம். அது போதாதுன்னு ஈ.எல்., மே மாச லீவு, சி.எல். எல்லாம் வேற" என்று அதில் இருந்தது. அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் என் தங்கை மகன்களும் இருக்கிறார்கள். தம்பிகளா, உங்கள் அம்மாவும் வேலைக்குப் போய்த்தான் உங்களை வளர்த்தாள். சித்தப்பா பெரியப்பா இருக்கிற குழுவில் வாய்ச்சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நான் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சி முடித்தவுடன் வேலைக்கு வந்து, கடலூர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளிலேயே காலத்தைக் கழித்தவள். எனக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல்தான். அது போதும்.

ஈட்டிய விடுப்பு என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. ஈட்டியது என்றால் உழைத்துச் சம்பாதித்தது. தமிழ்நாட்டில் அலுவலகப் பணியாளருக்கு வருடம் 30 நாள். ஆசிரியருக்குக் கோடை விடுமுறை இருப்பதால் 17 நாள்தான். எடுக்காமல் சேர்த்து வைத்தால் 240 நாள் வரை சேரும். ஓய்வு பெறும் நாளில் அது பணமாகக் கைக்கு வரும். நடுவிலும் 15 நாளை சரண்டர் செய்து பணம் வாங்கலாம். கொரோனா வந்தபோது 2020-ல் அதை நிறுத்தினார்கள். 2025 அக்டோபர் 1 முதல் திரும்பக் கொடுக்கிறார்கள்.

மாதம் 60,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒரு டீச்சருக்கு ஒரு நாள் ஈ.எல். என்பது 2,000 ரூபாய். அவளுடைய 30 நாள் ஈ.எல்.-ஐப் பிரசவத்தில் கரைத்துவிட்டால் 60,000 ரூபாய் போச்சு. அதே வருடம் வேலையில் சேர்ந்து பக்கத்து அறையில் பாடம் நடத்துகிற ஆண் ஆசிரியருக்கு அந்தக் கழித்தல் கிடையாது. பிள்ளை பெற்றதற்கு அபராதம் என்று இதைச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

மகப்பேறு விடுப்பு வேறு கணக்கு. உடம்பு தேறுவதற்கும் குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கும் கொடுக்கிற காலம் அது. மத்திய அரசின் விடுப்பு விதியில் இது தெளிவாகவே இருக்கிறது: மகப்பேறு விடுப்பை விடுப்புக் கணக்கில் கழிக்கக் கூடாது, வேறு விடுப்போடு சேர்த்தும் எடுக்கலாம். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் தனித்தனி நோட்டில் இருக்கிற மாதிரிதான். பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதை மளிகைக் கடைக்காரர் கணக்கிலிருந்து எடுத்தால் யாராவது ஒத்துக்கொள்வோமா?

"ஒரு வருஷம் கொடுக்கிறாங்களே" என்கிறீர்கள். கொடுக்கிறார்கள், நல்ல காரியம். அது எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான் பிள்ளை பெற்ற காலத்தில் 90 நாள். 2011-ல் ஆறு மாதம் ஆனது. 2016-ல் ஒன்பது மாதம். 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம். அம்மையார் ஆட்சியிலும் கூட்டினார்கள், அடுத்த ஆட்சியிலும் கூட்டினார்கள். கட்சி பார்க்காமல் இரண்டு பக்கத்தையும் பாராட்டுகிறேன். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 நாளில் வேலைக்குத் திரும்பிய எங்கள் தலைமுறை அந்த ஆறு மாதத்துக்கு எங்கே போகும்?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்தவள் பிறந்தது ஏப்ரல் 20. 90 நாளை எண்ணுங்கள், ஜூலை 18-ல் முடியும். நடுவில் மே மாதம் முழுக்கக் கோடை விடுமுறை. எல்லா ஆசிரியருக்கும் கிடைத்த அந்த விடுமுறை என் 90 நாளுக்குள் விழுங்கப்பட்டுவிட்டது. பிரசவம் செப்டம்பரில் நடந்திருந்தால் 90 நாளும் கிடைத்திருக்கும், மே மாதமும் கிடைத்திருக்கும். ஆடி பிறந்த கையோடு சிதம்பரத்திலிருந்து புவனகிரி தாண்டி இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போனேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைய, கரும்பலகையில் எழுதினேன். விடுமுறை நாளைப் பற்றி அலுவலகத்தில் கேட்டதற்கு வந்த பதில்: "வீட்டில் தானேம்மா இருந்தீங்க?"

இந்த "வீட்டில் தானே இருந்தீங்க" என்ற சொல்லில்தான் எல்லாத் தவறும் இருக்கிறது. தையல் பிரியாத வயிற்றோடு இரவு மூன்று முறை எழுந்திருக்கிறவள் விடுமுறையில் இருக்கிறாளா? கோடை விடுமுறை என்பது ஓய்வு. பிரசவ விடுப்பு என்பது ஓய்வே இல்லாத வேலை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஸ்பெயின் நாட்டில் ஒரு ரப்பர் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த மெரினோ கோமெஸ் என்ற பெண் 2001-ல் மே 5 முதல் ஆகஸ்டு 24 வரை மகப்பேறு விடுப்பில் இருந்தார். அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் ஜூலை, ஆகஸ்டு வாக்கில்தான் ஆண்டு விடுமுறை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். "என் மகப்பேறு விடுப்பும் அதுவும் ஒரே நாளில் விழுந்துவிட்டது, என் ஆண்டு விடுமுறையைப் பிறகு கொடுங்கள்" என்று கேட்டார். நிர்வாகம் மறுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2004 மார்ச் 18-ல் தீர்ப்பு: இரண்டின் நோக்கமும் வேறு வேறு, மகப்பேறு விடுப்பில் இருந்த பெண்ணுக்கு ஆண்டு விடுமுறையை வேறு நாளில் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் மே மாதக் கதை அச்சாக அப்படியே அங்கே நடந்திருக்கிறது! லண்டன் பக்கம் இருக்கிற நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கிலாந்தில் மகப்பேறு விடுப்பில் இருக்கும்போதும் ஆண்டு விடுமுறை நாள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு 5.6 வாரம். பிரசவத்துக்கு முன்னாலோ பின்னாலோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தீர்ப்பு நம் ஊர் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நியாயத்துக்கு எந்த ஊர் என்றால் என்ன? நம் நாட்டுத் தீர்ப்புதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது.

சண்டிகரில் மத்திய அரசின் பெரிய மருத்துவ நிறுவனத்தில் தீபிகா சிங் என்ற செவிலியர். அவர் கணவருக்கு முதல் மனைவி மூலம் இரண்டு குழந்தைகள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவர் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுத்திருந்தார். பிறகு 2019-ல் தன் வயிற்றில் முதல் குழந்தை பிறந்தது. மகப்பேறு விடுப்பு கேட்டார். "உனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளை கணக்கில் இருக்கிறது" என்று மறுத்தார்கள். அவர் வீட்டில் இருந்த நாட்களை என்ன செய்தார்கள் தெரியுமா? கொஞ்சம் ஈட்டிய விடுப்பு, கொஞ்சம் மருத்துவ விடுப்பு, கொஞ்சம் அரைச் சம்பள விடுப்பு, மீதி சம்பளமில்லாத அசாதாரண விடுப்பு என்று பிய்த்துப் பிய்த்துக் கணக்கில் எழுதினார்கள். மாற்றாந்தாய் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு! உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டு 16-ல் அது தவறு என்றது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுத்ததைக் காட்டி மகப்பேறு விடுப்பை மறுக்க முடியாது என்றது.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு வாருங்கள். அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை உமாதேவி. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், இருவருமே அவர் 2012-ல் வேலைக்கு வருவதற்கு முன் பிறந்தவர்கள். திருமணம் முறிந்து, பிள்ளைகள் தகப்பனிடம் போய்விட்டார்கள். 2018-ல் மறுமணம். 2021-ல் மகப்பேறு விடுப்பு கேட்டபோது, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் விதியில் இடமில்லை என்று மறுத்தார்கள். விடுப்பைப் பன்னிரண்டு மாதமாக உயர்த்திய அதே வருடம்! சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகச் சொன்னார். இரு நீதிபதி அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. கடைசியில் 2025 மே 23-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்றது. மக்கள்தொகைக் கட்டுப்பாடும் மகப்பேறு விடுப்பும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல என்றது. ஒரு டீச்சர் தன் பிரசவ விடுப்புக்காக ஏறக்குறைய நான்கு வருடம் கோர்ட் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் நீங்கள் "ஓசி" என்கிறீர்கள்.

இன்னொரு அநியாயமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தகுதிகாண் பருவத்தில் பிள்ளை பெற்றால் அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கூடச் சேர்ந்த ஆண்கள் முன்னால் போய்விடுவார்கள், பதவி உயர்வில் இவள் பின்தங்கிவிடுவாள். 2025 ஏப்ரலில்தான் மகப்பேறு விடுப்பையும் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் அதற்கு முன் இருபது முப்பது வருடம் பின்தங்கி நின்ற பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

சரி, உங்கள் பக்கத்து வாதங்களுக்கும் வருகிறேன்.

"அந்தக் காலத்துல பெண்கள் நாற்று நட்டுக்கிட்டே வரப்புல பிள்ளை பெத்தாங்க." ஆமாம், பெற்றார்கள். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. காட்டுமன்னார்கோயில் வயலிலும் பண்ருட்டி முந்திரிக் கொல்லையிலும் வேலை செய்கிற பெண்களுக்கு இன்றும் மாதச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிற திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அவர்களுக்குக் கூட்டிக் கேளுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். அவர்களுக்கு இல்லை என்பதைக் காட்டி இவர்களிடமிருந்து பிடுங்கச் சொல்லாதீர்கள். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை செய்த பெண்களுக்கும் மகப்பேறு சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. உரிமை கீழே இருப்பவரை நோக்கி நீள வேண்டும்.

"ஒரு டீச்சர் ஒரு வருஷம் வரலைன்னா பிள்ளைங்க படிப்பு என்னாகும்?" இது நியாயமான கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவர் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் போட ஓட வேண்டும், நடுவில் சத்துணவு, பதிவேடு, கூட்டம். ஆனால் இது யார் குற்றம்? பிரசவத் தேதி ஏழெட்டு மாதத்துக்கு முன்பே தெரிகிறது. ஒன்றியத்துக்குப் பத்து பேர் மாற்றாசிரியர் பட்டியல் வைத்திருந்தால் தீர்ந்தது. பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டுவிட்டு, கூட வேலை பார்ப்பவரை அந்தப் பெண் மேல் எரிச்சல்பட வைக்கிறார்கள். கோபத்தை மேலே அனுப்புங்கள். பக்கத்து நாற்காலிக்கு அனுப்பாதீர்கள்.

"தனியார்ல யாரும் இப்படிக் கொடுக்கறதில்லையே?" கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1961-ல் வந்த மகப்பேறு சலுகைச் சட்டம் 12 வாரம் கொடுத்தது. 2017-ல் அது 26 வாரம் ஆனது. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போன பிறகும் 26 வாரம் 26 வாரம்தான். மூன்றாவது குழந்தைக்குக் கூட 12 வாரம் உண்டு. ஆனால் நடப்பது என்ன? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிற என் மாணவி ஒருத்தி போன மாதம் போனில் அழுதாள். "ஏப்ரலோட ரிசைன் பண்ணிடுங்க மிஸ், குழந்தை வளர்ந்ததும் வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்களாம். அவள் சேர்த்து வைத்திருந்த விடுப்பு நாட்களை முதலில் தீர்த்துவிட வேண்டுமாம். ஆறு வருட அனுபவம் பூஜ்யமாகி, திரும்பி வந்தால் புது ஆள் சம்பளம். இன்னும் சில இடங்களில் "முதல்ல உங்க ஈ.எல். முடியட்டும், அப்புறம் மகப்பேறு விடுப்பு போட்டுக்கலாம், எஞ்சியது எல்.ஓ.பி." என்று கூசாமல் சொல்கிறார்கள். இதற்கு நிர்வாகம் வைத்திருக்கும் பெயர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது". அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டே இருப்பவள் எப்போதும் பெண்தான், கவனித்தீர்களா?

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நாத்தனார் கல்யாணத்துக்கு, மாமனார் கண் ஆபரேஷனுக்கு, குலதெய்வம் கோயிலில் முடி இறக்க, காது குத்த, எல்லாவற்றுக்கும் மருமகளின் ஈ.எல்.-தான் முதலில் போகிறது. மகன் லீவு போட்டால் "அவனுக்கு ஆபீஸ்ல வேலை அதிகம்". மத்திய அரசில் ஆண் ஊழியருக்கே குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. அதை எடுத்தவனில் எத்தனை பேர் குழந்தைக்குத் துணி மாற்றினார்கள்? பிரசவம் முடிந்து திரும்பும்போது அவள் கணக்கில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. அப்புறம் குழந்தைக்கு முதல் காய்ச்சல் வரும்போது சம்பளம் இழந்துதான் வீட்டில் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அந்த ஈ.எல். அவளுக்கு வேண்டும். காதுகுத்துக்கு மாமன் லீவு போடட்டும்.

வேலைக்குப் போகிற என் மகள்களே, மருமகள்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. மகப்பேறு விடுப்புக்குத் தனி விண்ணப்பம், ஈ.எல்.-க்குத் தனி விண்ணப்பம். இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். தேதியைத் தெளிவாகப் போடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

2. வாயால் சொன்ன மறுப்பை ஏற்காதீர்கள். "எந்த விதிப்படி என்று எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதிப் பேர் எழுதிக் கொடுக்கத் துணிய மாட்டார்கள்.

3. வேலையில் திரும்பச் சேர்ந்த வாரத்திலேயே எஸ்.ஆர். புத்தகத்தைப் பாருங்கள். மகப்பேறு விடுப்பு என்ற பதிவு தனியாக இருக்கிறதா, ஈ.எல். இருப்பு குறைந்திருக்கிறதா, அந்த வருடத்துக்கு எத்தனை நாள் வரவு வைத்தார்கள் என்று பாருங்கள். ஓய்வு பெறும்போது கேட்டால் பழைய கிளார்க் இருக்க மாட்டார்.

4. தனியாரில் இருப்பவர்கள்: பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம்.

5. அதனால்தான் உங்களையே ராஜினாமா எழுதச் சொல்கிறார்கள். எழுதாதீர்கள். அன்று கையெழுத்துப் போட்டால் அத்தோடு சட்டம் உங்களை விட்டுப் போய்விடும். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.

6. கருச்சிதைவானாலும் விடுப்பு உண்டு, சட்டத்தில் ஆறு வாரம். அதற்கு சி.எல்., ஈ.எல். போட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் மாணவர்களுக்கு. உங்களில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள். கல்வி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறீர்கள். சென்னையில் கம்பெனிகளில் ஹெச்.ஆர். என்று அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். இரண்டு பேர் பள்ளியே நடத்துகிறீர்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் விண்ணப்பத்தோடு உங்கள் மேசைக்கு முன்னால் வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: ஆப்பிளிலிருந்து மாம்பழத்தைக் கழிக்க முடியாது.

யாருக்காவது விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் என் பெட்டிக்கு எழுதுங்கள். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது, சிவப்பு மைப் பேனாவும் இருக்கிறது.

உங்கள் டீச்சர்